சரக்கு நம்முடையது, சொல் யாருடையது?

வள்ளூர் முதல் ராயபுரம் வரை பொருள் செய்யும் ஊர்களின் பிள்ளைகள், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் படிப்புக்கு எப்போது போவார்கள்?

காலை ஏழரை மணி. அத்திப்பட்டு புதுநகர் நடைமேடையில் நின்று தலையை நிமிர்த்தினால் வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்சார ரயில் வந்து நிற்கிறது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி வழிகிற ஒப்பந்தத் தொழிலாளிகள், அலுமினிய அன்னக்கூடையோடு ஏறும் மீன்காரப் பெண்கள், முதுகில் கல்லூரிப் பையைச் சுமந்த பிள்ளைகள் என்று பெட்டி நிறைகிறது. பிள்ளைகளின் கையில் செல்போன். இரண்டு வீடியோவுக்கு ஒரு விளம்பரம் குறுக்கே வருகிறது. வாயசைவு இந்தி, குரல் தமிழ். 'இப்போதே அனுபவியுங்கள்' என்று எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் பேசாத தமிழ். கட்டைவிரல் அதை உடனே தள்ளிவிடுகிறது.

ரயில் எண்ணூர், கத்திவாக்கம் தாண்டி விம்கோ நகரில் நிற்கிறது. ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் ரயில் நிலையம். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்தான். அடுத்தது திருவொற்றியூர். இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு டயரும், உலகம் முழுக்க ரசிகர்களை வைத்திருக்கும் ஒரு மோட்டார் சைக்கிளும் வளர்ந்த ஊர்.

இவ்வளவும் செய்த வட்டாரத்தில், அவற்றை எப்படிச் சொல்லி விற்பது என்று தீர்மானித்த மேசைகள் மட்டும் இல்லை. அவை மும்பையில் இருந்தன. சென்னையில் இருந்தபோதும் அண்ணா சாலைப் பக்கம்தான் இருந்தன. 'மார்க்கெட்டிங் கம்யூனிகேஷன்' என்று பல்கலைக்கழகங்களில் சொல்லித்தரப்படும் படிப்பு அந்த மேசைக்குப் போகும் வழி. வடசென்னைப் பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பலூன் கொட்டகையில் தொடங்கிய பாடம்

1946. திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகை. கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் அங்கே பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். செய்ததைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அவரே விற்றார். 1949-ல் தம்பு செட்டித் தெருவில் ஓர் அலுவலகம். 1952-ல் பழைய டயருக்கு மேல்தோல் போடும் டிரெட் ரப்பர். பிறகு டயர். அந்த 'மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி'தான் எம்.ஆர்.எஃப்.

1964-ல் அந்த நிறுவனத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. விளம்பர உலகின் அலிக் பதம்சியிடம் வேலை வந்தது. அவர் போய்ப் பேசியது லாரி ஓட்டுநர்களிடம். டயர் என்றால் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பலமாக இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். இரு கைகளாலும் டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பயில்வான் அங்கேதான் பிறந்தான். அறுபது ஆண்டுகள் தாண்டியும் அவன் கையை இறக்கவில்லை.

இந்தப் படிப்பின் முதல் பாடமே இதுதான். பொருளை வாங்குகிறவன் யார், அவனுக்கு எது பயம், எது ஆசை என்று அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது. வசனம் அதற்கு அப்புறம்தான். பல மாணவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'எனக்கு நல்லா கவிதை வரும், அதனால விளம்பரத்துக்குப் போறேன்' என்று சேர்கிறார்கள். முதல் பருவத்திலேயே புள்ளியியல் தாள் வந்ததும் திகைத்துப் போகிறார்கள்.

அதே ஊரின் இன்னொரு கதை ராயல் என்ஃபீல்டு. 1955-ல் திருவொற்றியூருக்கு வந்த புல்லட், தொண்ணூறுகளில் விற்பனை சரிந்து கிட்டத்தட்ட மூடும் நிலைக்குப் போனது. மீண்டு வந்ததற்குத் தொலைக்காட்சி விளம்பரம் பெரிய காரணம் இல்லை. வண்டி வைத்திருப்பவர்களை ஒன்றுசேர்த்து இமயமலைக்கும் கோவாவுக்கும் ஓட்டவைத்தார்கள். ஓட்டியவர்களே விளம்பரம் ஆனார்கள். பெட்ரோல் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகளைத் திருவொற்றியூர் கைவினைக்காரர்கள் தூரிகையால் ஒரே இழுப்பில் போடும் காட்சியும் அந்த வண்டியின் பெருமைக் கதைகளில் ஒன்றானது. கோடு போட்ட கை வடசென்னைக் கை. அந்தக் கையைக் காட்டினால் வண்டி விற்கும் என்று கண்டுபிடிக்கும் வேலையும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு வர வேண்டாமா?

பெட்டிச் செய்தி: வடசென்னை முத்திரைகள்

விம்கோ: 1923-ல் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'யின் சுருக்கம். 'ஷிப்' தீப்பெட்டி இதனுடையது. 2005-ல் ஐ.டி.சி. வசம் போனது.
அசோக் லேலண்ட்: 1948-ல் அசோக் மோட்டார்ஸ், 1955-லிருந்து இன்றைய பெயர். எண்ணூர் ஆலை இதன் தாய்வீடு.
ராயல் என்ஃபீல்டு: 1955, திருவொற்றியூர்.
எம்.ஆர்.எஃப்.: 1946-ல் பலூன், 1952-ல் டிரெட் ரப்பர், 1964-ல் பயில்வான்.
வள்ளூர் அனல் மின் நிலையம்: தேசிய அனல் மின் கழகமும் தமிழக மின்வாரியமும் சேர்ந்து அமைத்தது. 500 மெகாவாட் அலகுகள் மூன்று.

காசிமேட்டு வஞ்சிரம்

படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? விளம்பரம், மக்கள் தொடர்பு, விற்பனை ஊக்குவிப்பு, நேரடி விற்பனை, டிஜிட்டல் என்று முன்பெல்லாம் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தன. இவை எல்லாம் ஒரே குரலில் பேச வேண்டும் என்ற சிந்தனை 1990-களில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டான் ஷுல்ட்ஸ் போன்றவர்களால் பாடத்திட்டம் ஆனது. இன்று உலகம் முழுக்க நடக்கும் படிப்புக்கு அதுதான் அடித்தளம்.

காசிமேட்டில் வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். விடியற்காலை ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தை ஒரு பெண் பலகையில் வைத்து விற்கிறார். அதே வஞ்சிரம் ஒரு செயலியின் வழியாக, காற்று நீக்கிய பொட்டலத்தில், 'ரசாயனம் இல்லை, இன்று பிடித்தது' என்ற வாசகத்தோடு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறது. விலை கூடுதல். மீனில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வெட்டிச் சுத்தம் செய்ததற்கு, ஒரு பகுதி கொண்டுவந்து கொடுத்ததற்கு. மிச்சம், சந்தேகத்தைத் தீர்த்துவைத்த வார்த்தைக்கு.

அந்தப் பெண்ணின் மகளோ மகனோ இந்தப் படிப்புக்குப் போனால் முதல் ஆண்டிலேயே நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவார்கள். யார் வாங்குகிறார்கள்? அவர்கள் எதற்குத் தயங்குகிறார்கள்? எந்த நேரத்தில், எந்த வழியில் அவர்களிடம் பேசலாம்? அதற்கு எவ்வளவு செலவு, எவ்வளவு திரும்பி வரும்? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐம்பது வாடிக்கையாளர்களின் எண்ணை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை இரவே நாளைக்கு என்ன மீன் வரும் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் செய்தி போட்டால் அதுவும் மார்க்கெட்டிங் கம்யூனிகேஷன்தான். இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம்.

பெரிய முதலீடு வேண்டாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். போட்டியில் பன்னாட்டு நிறுவனங்கள். அவர் கிராமத்துக்குப் போய், ஒரு பையனின் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி எல்லோரையும் முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ரஜினி படத்தைத் திரையிட்டு இடையில் விளம்பரம் போட்டார். காலி ஷாம்பு பாக்கெட் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி. ஊர் பழகியதும், சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். ஷாம்பு என்றால் பணக்காரர் பொருள் என்று நினைத்தவர்களை அவர் அறிந்திருந்தார். மும்பை மேசையில் இருந்தவர்களுக்கு அந்த வீடுகள் தெரியாது.

வீட்டைத் தெரிந்து வைத்திருப்பதே மூலதனமாகிற தொழில் இது. அந்த மூலதனம் வள்ளூரிலும் மீஞ்சூரிலும் தண்டையார்பேட்டையிலும் நிறைய இருக்கிறது. இருந்தும் அது வகுப்பறைக்குள் போய்ச் சேரவில்லை.

கதவு எங்கே அடைபடுகிறது?

இந்தத் துறைக்கென்றே நாட்டில் பெயர்பெற்ற கல்வி நிறுவனம் அகமதாபாத்தின் மைகா. முத்ரா விளம்பர நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.ஜி.கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியில் 1991-ல் உருவானது. அங்கே இரண்டாண்டுப் படிப்புக்கு, விடுதியையும் சேர்த்தால், 20 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். துறைமுகத்தில் தினக்கூலி வாங்கும் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை.

சென்னையிலேயே வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை சேப்பாக்கத்தில் நடக்கிறது. லயோலா தொடங்கிப் பல கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கிறது. ஆனால் வடசென்னைப் பிள்ளை அந்தப் பக்கம் போகும்போது மூன்று தடைகளைச் சந்திக்கிறது. முதலாவது பணம்: சுயநிதிப் பிரிவுக் கட்டணம், கேமரா, லேப்டாப். இரண்டாவது ஆங்கிலம்: பாடப்புத்தகமும் நேர்முகமும் அதில்தான். மூன்றாவது வீட்டில் விளங்க வைப்பது. 'படிச்சு முடிச்சா என்ன வேலைம்மா?' என்று அப்பா கேட்டால் டிப்ளமோ மெக்கானிக்கலுக்கு ஒரு வரியில் பதில் உண்டு. இதற்கு இல்லை.

பணத் தடையைக் கொஞ்சம் தளர்த்த அரசின் கை வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது; ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளில் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் உண்டு. நல்ல தொடக்கம்தான். ஆனாலும் சில வாரப் பயிற்சியில் கருவியைக் கையாளக் கற்கலாம், மனிதரைப் படிக்கக் கற்க முடியாது.

ஆங்கிலத் தடை கொஞ்சம் வேறு மாதிரியானது. கிளையண்ட் கூட்டத்தில் ஆங்கிலம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் விற்க வேண்டிய பொருளுக்குத் தமிழில் யோசிக்கும் ஆள் வேண்டும். இந்தியில் யோசித்துத் தமிழில் ஒட்டவைத்த விளம்பரம் எப்படி ஒலிக்கும் என்பது ரயில் பெட்டியில் விளம்பரத்தைத் தள்ளிவிட்ட அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியும். வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரும், கேமராவைப் பார்த்துப் பேசும் லலிதா ஜுவல்லரி கிரண்குமாரும் மக்கள் மனதில் நின்றது பளபளப்பால் இல்லை. கடைக்காரர் நேரில் பேசுவதுபோல் பேசியதால். ராயபுரத்துப் பேச்சுக்கும் அந்த இடம் உண்டு. சினிமா அதைப் பெரும்பாலும் சிரிப்புக்கும் அடிதடிக்கும்தான் பயன்படுத்தியிருக்கிறது.

துறைமுகத்துக்கு வந்த புள்ளிராஜா

விற்பதற்கு மட்டும்தானா இந்தப் படிப்பு? 2003 வாக்கில் தமிழ்நாட்டின் சுவர்களிலும் பேருந்துகளிலும் ஒரு கேள்வி தோன்றியது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடைகளில் பேச்சு. மும்பையில் 'பல்பீர் பாஷா' என்ற பெயரில் நடந்த பிரசாரத்தின் தமிழ் வடிவம் அது. துறைமுக நகரங்களில் எச்.ஐ.வி. தடுப்புக்காக பி.எஸ்.ஐ. என்ற தொண்டு நிறுவனம் நடத்தியது. கப்பலடியிலும் லாரி நிறுத்தத்திலும் இருக்கும் ஆண்களிடம் வாய்விட்டுப் பேச முடியாத விஷயத்தை, இல்லாத ஒரு மனிதனின் பெயரைச் சொல்லிப் பேசவைத்தார்கள். ராஜா என்ற பெயர் கொண்டவர்கள் கேலிக்கு ஆளானார்கள், முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பேச்சு நடந்தது. பொதுநலத் தொடர்பியல் வகுப்பில் அலசிப் படிக்க வேண்டிய பாடம் அது.

வள்ளூர் வட்டாரத்துக்கு இந்தக் கலை எவ்வளவு அவசரம் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அந்தச் செய்தி வந்த பிறகு, எண்ணூர் மீன் என்றாலே வாங்குபவர்கள் தயங்கினார்கள். எந்த மீன் எங்கே பிடித்தது, எது பாதுகாப்பானது என்று நம்பும்படி எடுத்துச் சொல்ல மீனவர்கள் பக்கம் ஆள் இல்லை.

அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. நெடி தாங்காமல் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலக வேண்டும். இந்த இரண்டு வரி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையின் வாயிலும் இருந்திருக்க வேண்டும். ஒரு சோப்பின் பெயரை நாட்டின் கடைசிக் குக்கிராமம் வரை பதியவைக்கத் தெரிந்த தொழிலுக்கு, இரண்டு வரியை நான்கு குப்பங்களில் பதியவைப்பது கடினமான காரியம் அல்ல. செய்யத்தான் ஆள் வைக்கவில்லை.

எண்ணூருக்காக இந்தக் கலையை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியதை டி.எம்.கிருஷ்ணா கழிமுகத்தின் சாம்பலுக்கும் மின் நிலையங்களுக்கும் நடுவே நின்று பாடினார். வசைச்சொல்லாகிப் போயிருந்த 'புறம்போக்கு' என்ற சொல்லுக்கு, எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்தது அந்த வீடியோ. அதற்கு முன் 2015-ல், யூனிலீவர் ஆலையால் கொடைக்கானலில் ஏற்பட்ட பாதரச மாசுக்கு எதிராக சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் இணையத்தில் உலகம் சுற்றியது. அவர் விளம்பர நிறுவனத்தில் காப்பி ரைட்டராக இருந்தவர். பல ஆண்டுகளாக நடந்த தொழிலாளர் போராட்டத்தோடு அந்தப் பாட்டும் சேர, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் யூனிலீவரின் இந்திய நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

பெட்டிச் செய்தி: படிப்போடு சேர்த்துத் தெரிய வேண்டிய சட்டம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைக்கும் பிரபலத்துக்கு முதல்முறை ஓராண்டு வரை, பிறகு மூன்றாண்டு வரை தடை.
2022 ஜூன் வழிகாட்டுதல்: விளம்பரம் பொருளின் பெருமையை எந்த மொழியில் சொல்கிறதோ, 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்ற எச்சரிக்கையும் அதே மொழியில் இருக்க வேண்டும்.
2023 ஜனவரி: பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது, எங்கே போகிறது?

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். ஃபிக்கியும் இ.ஒய். நிறுவனமும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய ஊடகத் துறையில் டிஜிட்டல் 2024-ல் முதல்முறையாகத் தொலைக்காட்சியை வருமானத்தில் முந்தியது. வேலையும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. மருத்துவமனை, நகைக்கடை, கட்டுமானம், கல்லூரி என எல்லோரும் தங்களுக்கென ஒரு சிறு குழு வைத்துக்கொள்கிறார்கள். ஒருவரே எழுதி, படம் பிடித்து, வெட்டி ஒட்டி, மறுநாள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கம், பெரிய விளம்பர நிறுவனங்கள் சுருங்குகின்றன. அமெரிக்காவின் ஆம்னிகாம் 2025 நவம்பரில் இன்டர்பப்ளிக் குழுமத்தை வாங்கி முடித்ததும், உலக அளவில் சுமார் 4,000 வேலைகள் குறையும் என்றும் டி.டி.பி. போன்ற பழம்பெயர்கள் விடைபெறும் என்றும் அறிவித்தது. பத்துப் பதினைந்து மாதிரி வாசகங்களை எழுதித் தரும் தொடக்கநிலை வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறது. இந்தப் படிப்பில் சேர்ந்தால் வேலை நிச்சயம் என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்ப வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக்கு எட்டாத இடம் எது? லாரி ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பதில். எண்ணூர் காட்டுக்குப்பத்துப் பெண் எந்த வார்த்தைக்கு முகம் மலர்வார், எதற்கு முந்தானையை உதறி எழுந்து போவார் என்ற அறிவு. அது நேரில் போய் நின்றவருக்குத்தான் வரும். ஆகவே சேரும் முன் கல்லூரியில் மூன்று விஷயம் கேட்டுப் பார்க்க வேண்டும். மாணவர்களைக் களத்துக்கு அனுப்புகிறார்களா? புள்ளியியல் உருப்படியாக நடக்கிறதா? தமிழில் எழுதும் பயிற்சி மதிப்பெண்ணோடு இருக்கிறதா? மூன்றும் இல்லை என்றால், பளபளக்கும் ஸ்டுடியோவைக் காட்டினாலும் அந்தக் கட்டணம் வீண்.

பொன்னேரியில் ஒரு வகுப்பறை

வள்ளூரிலிருந்து எட்டும் தூரத்தில் பொன்னேரியில் லோகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி. தொழிற்சாலைக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகும் இடங்கள் இவை. கட்டணம் அவர்கள் கைக்கு எட்டும். மார்க்கெட்டிங் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பு இந்த வகுப்பறைகளில், தமிழ்வழியிலும் நடக்க வேண்டும். செலவுக்கு வழி இல்லாமல் இல்லை. கம்பெனிச் சட்டம் 2013-ன்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். மணலியிலிருந்து காட்டுப்பள்ளி வரை அத்தகைய நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிப் பையும் குடிநீர்த் தொட்டியும் கொடுப்பதோடு, ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கும் அந்தப் பணம் வரட்டும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-ன்படி, ஒரு பெரிய திட்டம் வரும்போது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும், திட்டச் சுருக்கம் ஊரின் மொழியில் கிடைக்க வேண்டும். எண்ணூர் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பர் 20-ல் எர்ணாவூரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. நிறுவனங்களின் பக்கம் எப்போதும் படக்காட்சியோடும் ஆலோசகர்களோடும் வருகிறார்கள். மக்கள் பக்கம், வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தவர்கள் மைக்கைப் பிடித்து நெஞ்சில் உள்ளதைக் கொட்டுகிறார்கள்.

அடுத்த அறிவிப்பு வரும்போது அந்த 30 நாளில் திட்டச் சுருக்கத்தைப் படித்து, எண்களைச் சரிபார்த்து, ஒரே பக்கத்தில் ஊருக்கு விளங்கும் தமிழில் எழுதி வீடுவீடாகக் கொடுக்க வள்ளூருக்கு ஒரு பிள்ளை வேண்டும். பிளஸ் டூ முடித்த மகளோ மகனோ இந்தப் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால், பெற்றோர் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்.